புரதம் வரவில்லையா? மலை மேல் லேப்பில் பிளேட்டைப் படிக்கும் வழி

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். சமவெளியில் எழுதிய புரோட்டோகாலை (செய்முறைக் குறிப்பை) இங்கே வரி மாறாமல் செய்தாலும் அதே வேலை நடப்பதில்லை. காற்றழுத்தம் கால் பங்கு குறைவு. தண்ணீர் 92 - 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஜனவரியில் வெளியே புல்லில் உறைபனி படிந்திருக்க, லேப்புக்குள் 13 டிகிரி இருக்கும். அதைத்தான் புரோட்டோகால் "அறை வெப்பநிலை" என்கிறது.

24 அல்லது 96 குழி பிளேட்டில் ஒரே நாளில் பல கன்ஸ்ட்ரக்ட்களை (புரதம் செய்யச் சொல்லி பாக்டீரியாவுக்குள் செலுத்தும் ஜீன் வடிவங்களை) வளர்த்துப் பார்ப்பதும், எதை வளர்க்கலாம் என்று கணிப்பு மென்பொருளைக் கேட்டு முடிவெடுப்பதும் இன்று சிறிய லேப்களுக்கும் எட்டும் வேலைகள். 2021-இல், வரிசையிலிருந்து புரதத்தின் உருவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் 2 வெளியானது. அதற்கடுத்த ஆண்டு, அதைப் பிரவுசரிலேயே ஓட்டித் தரும் கோலாப்ஃபோல்டின் ஆய்வுக் கட்டுரையும், உருவத்துக்கேற்ற வரிசையை எழுதித் தரும் புரோட்டீன்எம்பிஎன்என்னும் வந்தன. ஒரு பிரவுசரும் பொறுமையும் இருந்தால் கணிப்பு கிடைத்துவிடுகிறது. ஆனால் கணிப்பும் பிளேட்டும் முரண்படும்போது நேராகப் போய் ஜீன் வரிசையை மாற்றுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. புது ஜீன் ஆர்டர் செய்தால் வாரங்களும் பணமும் போகும். அதற்கு முன் காற்று, சூடு, அழுத்தம் மூன்றையும் சோதித்துவிடுங்கள். இந்த மூன்றும் சரியென்று கண்ட்ரோல் குழிகள் சொன்ன பிறகுதான் கணிப்பைக் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு.

கீழே சொல்லும் எல்லாம் ஈ. கோலை பாக்டீரியா, டி7 புரமோட்டர் (ஜீனை இயக்கும் சுவிட்ச்), ஹிஸ்-டேக் (நிக்கலில் ஒட்டும்படி புரதத்தின் முனையில் சேர்க்கும் சிறு வால்) கொண்ட வழக்கமான அமைப்புக்கு.

எந்த அறிகுறிக்கும் முன்: நான்கு கண்ட்ரோல் குழிகள்

24 குழி பிளேட்டில் நான்கை கண்ட்ரோலுக்கு ஒதுக்குவது வீண் செலவாகத் தோன்றும். ஒதுக்காவிட்டால் மீதி இருபதில் வரும் முடிவுக்குப் பொருளே இருக்காது.

ஒன்றில் வெறும் மீடியம், செல் எதுவும் வேண்டாம். ஒன்றில் ஜீன் இல்லாத வெக்டர் (ஜீனைச் செல்லுக்குள் சுமந்துசெல்லும் பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையம்). ஒன்றில் ஹிஸ்-டேக் போட்ட ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்), எடை சுமார் 27 கிலோடால்டன். இது கரைந்து வர வேண்டும். நான்காவது, உங்கள் லேப்பில் எப்போதும் இன்குளூஷன் பாடியாகவே (செல்லுக்குள் கரையாமல் திரண்ட கட்டியாகவே) போய்ச் சேரும் ஒரு புரதம். ஜிஎஃப்பி-யை நடுக்குழி ஒன்றில் வையுங்கள். 96 குழி பிளேட் என்றால் மூலையிலும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நீல விளக்கை அடித்தால் இரண்டும் ஒரே அளவு ஒளிர வேண்டும். மூலைக் குழி மங்கலாகவும் நடுக்குழி பளிச்சென்றும் இருந்தால் கோளாறு இடத்தைப் பொறுத்தது. அன்றைய பிளேட்டில் எந்தக் கன்ஸ்ட்ரக்ட்டைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அறிகுறி: வெறும் மீடியம் வைத்த குழியும் கலங்கிவிட்டது

ஆட்டோகிளேவைப் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவியை) பாருங்கள். மலைப்பகுதி லேப்களில் மிகவும் கவனிக்கப்படாத கோளாறு இதுதான் என்பதால் கணக்கை முழுதாகவே போட்டுவிடலாம்.

ஆட்டோகிளேவின் டயல் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தத்தை மட்டும். கடல்மட்டத்தில் டயலில் 15 பிஎஸ்ஐ என்றால், வெளிக்காற்றின் 101 கிலோபாஸ்கலோடு சேர்ந்து மொத்தம் சுமார் 205. அந்த அழுத்தத்தில் நீராவி 121 டிகிரி. ஊட்டியில் வெளிக்காற்று ஏறக்குறைய 77 கிலோபாஸ்கல்தான். டயலில் அதே 15 பிஎஸ்ஐ நின்றாலும் மொத்தம் 180-ஐத் தாண்டாது. நீராவி 117 டிகிரியிலேயே நின்றுவிடும். நான்கு டிகிரிதானே என்று விட்டுவிட முடியாது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் கிருமியைக் கொல்லும் வேகம் பத்தில் ஒன்றாகிறது. அந்தக் கணக்கில் 117 டிகிரியில் 15 நிமிடம் என்பது 121 டிகிரியில் 6 நிமிடத்துக்குத்தான் சமம். சாதாரண பாக்டீரியா செத்துவிடும், சூட்டைத் தாங்கும் அதன் உறங்குநிலையான ஸ்போர் பிழைத்துக்கொள்ளும். 37 டிகிரியில் ஒரு ராத்திரி ஆட்டினால் காலையில் குழி கலங்கியிருக்கும்.

121 டிகிரி கிடைக்க ஊட்டியில் டயலில் சுமார் 18.5 பிஎஸ்ஐ வேண்டும். குன்னூர், கோத்தகிரியில் சுமார் 18. உங்கள் ஆட்டோகிளேவின் பாதுகாப்பு வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதை நீங்களாகத் திருகி மாற்ற வேண்டாம். தயாரிப்பாளரின் ஆளை அழையுங்கள். அழுத்தத்தைக் கூட்ட வழியில்லை என்றால் 15 பிஎஸ்ஐ-யிலேயே 40 நிமிடம் வையுங்கள். உள்ளே இருக்கும் காற்று முழுக்க வெளியேறி, நீராவி தொடர்ந்து சீறும் வரை வென்ட்டை மூடாதீர்கள். உள்ளே காற்று தங்கியிருந்தால் டயல் எதைக் காட்டினாலும் சூடு அந்த அளவுக்கு ஏறாது. மேலே ஒட்டிய ஆட்டோகிளேவ் டேப் கறுத்தது என்பது சூடு பட்டதற்கு மட்டுமே சாட்சி. மாதம் ஒருமுறை ஜியோபேசில்லஸ் ஸ்போர் ஸ்ட்ரிப் ஒன்றை உள்ளே வைத்துச் சோதியுங்கள்.

நேரத்தைக் கூட்டும்போது வேறொன்றையும் மாற்ற வேண்டும். குளுக்கோஸ், லாக்டோஸ் கரைசல்கள் 40 நிமிடச் சூட்டில் பழுப்பாகிவிடும். அவற்றை 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, ஆறிய மீடியத்தில் கடைசியாகச் சேருங்கள்.

அறிகுறி: காலனியே இல்லை, அல்லது விரல் விட்டு எண்ணும் அளவுதான்

கம்பீட்டன்ட் செல் (வெளி டிஎன்ஏவை உள்வாங்கத் தயாரித்த பாக்டீரியா) கோவையிலிருந்து மலைப்பாதையில் வந்து சேருவதற்குள் டிரை ஐஸ் தீர்ந்துபோயிருக்கலாம். பெட்டியைத் திறந்ததும் ஐஸ் மீதி இருக்கிறதா என்று பார்த்துக் குறித்து வையுங்கள். இல்லையென்றால் அன்றே ஒரு குழாயை 10 பிகோகிராம் பியுசி19 என்ற சோதனைப் பிளாஸ்மிட்டைக் கொண்டு சோதியுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவு வந்து பாதை மூடினால் பெட்டி ஒரு நாள் முழுக்க நின்றுவிடும். ஆகவே ஜூன் முதல் டிசம்பர் வரை தேவைப்படும் செல்லை மே மாதமே வாங்கி மைனஸ் 80-இல் வைத்துக்கொள்வது நல்லது.

லிகேஷனை (ஜீனை வெக்டரோடு ஒட்டும் வினையை) மேசை மேல் வைத்திருந்தால் 25 டிகிரி கிடைத்திருக்காது. பிசிஆர் மெஷினில் 25 என்று வைத்துச் செய்யுங்கள். உலர்நிலையில் வரும் பிரைமர் (பிசிஆருக்கான சிறு டிஎன்ஏ துண்டு) குழாயை மைக்ரோஃபியூஜில் ஒரு சுற்று ஓட்டாமல் திறக்கவே கூடாது. சமவெளியில் மூடிய குழாய்க்குள் அழுத்தம் கூடுதல். இங்கே மூடியைத் தூக்கியதும் 'டப்' என்று விட்டு, கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள் மூடியோடு பறந்துவிடும். பிறகு செறிவு ஏன் பாதிதான் வருகிறது என்று தேடிக்கொண்டிருப்போம்.

அறிகுறி: ஓ.டி. 3-க்கு மேல் ஏறவே இல்லை

ஓ.டி. என்பது திரவத்தின் கலங்கலை வைத்து செல் எவ்வளவு வளர்ந்தது என்று சொல்லும் எண். அது ஏறாதது மூச்சுத் திணறல். 37 டிகிரியில் காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் கடல்மட்டத்தில் லிட்டருக்கு சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். ஊட்டியில் சுமார் 5. ஃபிளாஸ்க்கில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆழமான, குறுகலான குழியில் அடியில் இருக்கும் செல்லுக்கு இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆக்ஸிஜன் போதாத ஈ. கோலை அசிட்டேட்டைக் கக்கும், பிஎச் விழும், வளர்ச்சி நின்றுவிடும்.

உறுதி செய்ய ஒரு துளியை பிஎச் தாளில் வையுங்கள். 6-க்குக் கீழே போயிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

திருத்தம் எளிது, குழியில் ஊற்றும் அளவைக் குறையுங்கள். 10 மிலி கொள்ளும் 24 குழி பிளேட்டில் சமவெளி புரோட்டோகால் 4 - 5 மிலி சொல்லும். இங்கே 2.5 - 3 மிலி. 2.2 மிலி கொள்ளும் 96 குழி பிளேட்டில் 1 மிலி என்று இருந்தால் 0.5 - 0.6 மிலி. வட்டக் குழியைவிடச் சதுரக் குழி நல்லது. மூலைகளில் திரவம் மோதிக் கலங்குகிறது. மேலே அலுமினியத் தாள் ஒட்டாதீர்கள், காற்றுப் புகும் சீல் போடுங்கள். ஷேக்கரின் சுழல் விட்டம் 25 மிமீ என்றால் 24 குழிக்கு 220 - 250 சுற்று போதும். 3 மிமீ விட்டமுள்ள சின்ன ஷேக்கர் என்றால் 900-க்குக் குறையக் கூடாது. 3 மிமீ ஷேக்கரை 250-இல் ஓட்டினால் திரவம் அசைவது போலத் தோன்றும், கலங்காது. ஒரு குழியில் சாயம் ஒரு துளி விட்டு, பத்து எண்ணுவதற்குள் அடிவரை பரவுகிறதா என்று பாருங்கள்.

ஓரக் குழிகளில் மட்டும் ஓ.டி. கூடுதலாகத் தெரிந்தால் மகிழ வேண்டாம், தண்ணீர் ஆவியாகியிருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை இங்கே காற்று காய்ந்துகிடக்கும். பிளேட்டை ஆட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை போடுங்கள். மீடியத்தின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் ஷேக்கருக்குள் ஈரத் துணி விரித்த ட்ரே ஒன்றை வையுங்கள்.

அறிகுறி: ஆட்டோ-இண்டக்‌ஷன் மீடியத்தில் காலையில் பார்த்தால் புரதமே இல்லை

ஸ்டூடியர் 2005-இல் வெளியிட்ட இசட்ஒய்பி-5052 மீடியத்தில் 0.5% கிளிசரால், 0.05% குளுக்கோஸ், 0.2% லாக்டோஸ். செல் முதலில் குளுக்கோஸைத் தின்று தீர்க்கிறது. தீர்ந்த பிறகுதான் லாக்டோஸ் உள்ளே போய்த் தூண்டுகிறது. நாம் நடுராத்திரியில் எழுந்துபோய் ஐபிடிஜி (ஜீனைத் தூண்டிவிடும் வேதிப்பொருள்) போட வேண்டியதில்லை. பல குழிகள் வெவ்வேறு வேகத்தில் வளரும் பிளேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மீடியம் இல்லை.

ஆனால் எல்லாம் வளர்ச்சியின் நேரத்தை நம்பி இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் இரவு இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் ஷேக்கர் நின்று, குளிர்ந்து, செல் குளுக்கோஸையே தின்று முடித்திருக்காது. காலை 9 மணிக்கு அறுவடை என்ற கணக்கை விடுங்கள். ஓ.டி. ஏறி நிலைத்த பிறகு எடுங்கள்: ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு அளவீடு ஒரே மதிப்பில் நிற்க வேண்டும். பிளேட் ரீடரில் 200 மைக்ரோலிட்டருக்கு ஒளி கடக்கும் தூரம் 1 செமீ கிடையாது, பாதிக்குச் சற்று மேல்தான். அந்த எண்ணை ஃபிளாஸ்க் ஓ.டி.யோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள். 20 மடங்கு நீர்த்து அளங்கள்.

கனாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் வெக்டரா? பாஸ்பேட் நிறைந்த இந்த மீடியத்தில் வழக்கமான அளவு கனாமைசின் செல்லைத் தடுப்பதில்லை; பிளாஸ்மிட் இல்லாத செல்லும் செழிக்கும். மிலிக்கு 100 மைக்ரோகிராம் போடுங்கள். டியூனர் வகை செல்லா? அதில் லாக்டோஸை உள்ளே கொண்டுவரும் ஜீனும் அதை மாற்றித் தரும் ஜீனும் இல்லை. எத்தனை நாள் காத்திருந்தாலும் லாக்டோஸ் தூண்டாது, ஐபிடிஜிதான் வழி.

குளிரில் ஓர் அனுகூலமும் உண்டு. 18 டிகிரியில் இண்டக்‌ஷன் செய்யச் சமவெளியில் குளிரூட்டும் ஷேக்கர் வேண்டும். ஊட்டியில் அறையே 14-இல் இருக்கும் மாதங்களில் சூடாக்கி மட்டும் உள்ள சாதாரண ஷேக்கர் 18-ஐ அழகாகப் பிடித்துக்கொள்ளும். டிஸ்ப்ளேயை நம்பாமல் ஒரு குழியில் தண்ணீர் ஊற்றி மெல்லிய தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள்.

அறிகுறி: நன்றாக வளர்ந்தது, ஜெல்லில் பட்டையே இல்லை

முதலில் முழு லைசேட்டை (உடைத்த செல் கலவையை) ஓட்டினீர்களா, தெளிந்த பகுதியை (சுழற்றிய பின் மேலே நிற்கும் திரவத்தை) மட்டுமா? தெளிந்ததை மட்டும் ஓட்டியிருந்தால் இது அடுத்த அறிகுறியாகவும் இருக்கலாம். முழு லைசேட்டிலும் இல்லை, ஜிஎஃப்பி குழியில் மட்டும் பட்டை வந்திருக்கிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

அறுவடை செய்த செல்லை நீர்த்து, ஆன்டிபயாடிக் உள்ள தட்டிலும் இல்லாத தட்டிலும் பரப்புங்கள். இல்லாத தட்டில் 500 காலனி, உள்ள தட்டில் 20 என்றால் பிளாஸ்மிட் தொலைந்துவிட்டது. இண்டக்‌ஷனுக்கு முன்பே காலனி சின்னதாகவும் வளர்ச்சி மெதுவாகவும் இருந்தால், கசிந்து வரும் புரதமே செல்லை வதைக்கிறது. ஐபிடிஜி முறைக்கு மாறி, முன்வளர்ப்பில் 1% குளுக்கோஸ் சேருங்கள். கசிவைக் கட்டுப்படுத்தும் பிலைஸ்எஸ் கொண்ட செல், இல்லாவிட்டால் இப்படி வதைக்கும் புரதத்தைத் தாங்கும் சி41, சி43 செல் வகைகள்.

இவை எதுவும் இல்லையென்றால்தான் வரிசைப் பக்கம் போக வேண்டும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஜீனின் வாசல். 2009-இல் குட்லாவும் உடன் பணியாற்றியவர்களும் ஒரே ஜிஎஃப்பி புரதத்துக்கு 154 வெவ்வேறு ஜீன்களைச் செய்து பார்த்தார்கள். அமினோ அமிலம் ஒன்றுகூட மாறவில்லை, கோடான்கள் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துகள்) மட்டும் மாறின. ஒளிர்வில் 250 மடங்கு வித்தியாசம். அதைப் பெரும்பாலும் விளக்கியது தொடக்கக் கோடானை ஒட்டிய எம்ஆர்என்ஏ (ஜீனின் நகல்) மடிப்பு: அதற்கு 4 எழுத்து முன்னிருந்து 37-வது எழுத்து வரை. அந்த இடம் இறுக்கமாக மடிந்தால், புரதத்தைக் கோக்கும் ரைபோசோம் உட்கார இடமில்லை.

ஆர்என்ஏ மடிப்பைக் கணிக்கும் ஆர்என்ஏஃபோல்ட்டில் அந்தத் துண்டை மட்டும் கொடுத்து ஆற்றலைப் பாருங்கள். வெப்பநிலையை மாற்றுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மென்பொருள் தானாக 37 டிகிரிக்குத்தான் கணக்கிடும். நீங்கள் 18 டிகிரியில் வளர்க்கிறீர்கள், அதே மடிப்பு அங்கே இன்னும் இறுகும். 18 என்று கொடுத்துப் பாருங்கள். 37-இல் பரவாயில்லை என்று தெரிந்த வரிசை சில சமயம் கல்லாக இருக்கும். ஒற்றை எண்ணை எல்லைக்கோடாகப் பிடிக்க வேண்டாம். பிளேட்டில் நன்றாக வந்த கன்ஸ்ட்ரக்ட்களின் மதிப்போடு ஒப்பிடுங்கள்.

திருத்த முழு ஜீனும் வேண்டாம். முதல் பத்துப் பன்னிரண்டு கோடான்களில் பொருள் மாறாத மாற்றங்களைச் செய்து, நீளமான ஃபார்வர்டு பிரைமர் ஒன்று வாங்கினால் போதும். ஏ, டி நிறைந்த கோடான்களைத் தேர்ந்தெடுங்கள். ஆர்ஜினினுக்கு ஏஜிஜி, ஏஜிஏ இரண்டும் ஈ. கோலையில் அரிது. ஏஜிஜி இரண்டு அடுத்தடுத்து வந்தால் ரைபோசோம் தேடும் ஷைன்-டால்கார்னோ குறியைப் போலவே ஆகிவிடுவதால் இன்னொரு தொல்லையும் சேரும். அங்கே சிஜிடி போடுங்கள்.

வாசல்தான் கோளாறா என்று பிரைமர் வாங்காமலே அறியவும் வழியுண்டு. புரதத்தின் முன்முனையில் சுமோ என்ற சிறு துணைப் புரதம் ஒட்டிய வடிவம் ஒன்று பிளேட்டில் இருந்தால் பாருங்கள். அதற்கு வாசல் சுமோவினுடையது. அது பட்டை தந்து, முன்முனை வெறுமையாக இருக்கும் வடிவம் தராவிட்டால், பழி தொடக்கப் பகுதியின் மீதே. இரண்டுமே தராவிட்டால் உள்ளே இருக்கும் அரிய கோடான்கள் அல்லது புரதம் சிதைக்கப்படுவது. அரிய கோடான்களுக்குக் கைகொடுக்கும் ரொசெட்டா செல்லில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அறிகுறி: முழு லைசேட்டில் தடித்த பட்டை, தெளிந்த பகுதியில் ஒன்றுமில்லை

இங்கேதான் கணிப்புக்கு வேலை அதிகம். ஆனாலும் முதல் கேள்வி செல் உடைந்ததா என்பதே. செல்சுவரைக் கரைக்கும் லைசோசைம் மிலிக்கு 1 மில்லிகிராம், "அறை வெப்பநிலையில் 30 நிமிடம்" என்று எழுதியிருக்கும். 13 டிகிரியில் அந்த என்சைம் தூங்கும். ஜிஎஃப்பி குழியின் பெல்லட்டில் (சுழற்றிய பின் அடியில் படிந்ததில்) நீல விளக்கை அடியுங்கள். பெல்லட் பச்சையாக ஒளிர்ந்தால் செல் உடையவில்லை, கரையாமையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பிளேட்டை ஒருமுறை மைனஸ் 80-இல் உறையவைத்து உருக்கி, 25 - 30 டிகிரி இன்குபேட்டரில் லைசோசைமோடு 30 நிமிடம் வையுங்கள். டிஎன்ஏ கொழகொழப்புக்கு டிஎன்ஏவை வெட்டும் பென்சோநேஸும் 2 மில்லிமோலார் மெக்னீசியமும். ஜெல்லில் 14 கிலோடால்டனில் வரும் பட்டை லைசோசைம். உங்கள் புரதமும் அந்த அளவு என்றால் ஏமாறாதீர்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பிளேட் சென்ட்ரிஃபியூஜ் 4,000 ஜி-க்கு மேல் போகாது. சிறு திரள்கள் அடியில் இறங்காமல் மிதந்து, "கரைந்தது" என்று கணக்கில் ஏறிவிடும். நல்ல முடிவு தந்த குழிகளை மட்டும் 1.5 மிலி குழாய்க்கு மாற்றி 16,000 ஜி-யில் 20 நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

உடைந்தது உறுதி, கரையவில்லை என்பதும் உறுதி. இப்போது ஆல்ஃபாஃபோல்ட் மாடலைத் திறங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் மாடல் தன் நம்பிக்கையைச் சொல்லும் பிஎல்டிடிடி மதிப்பு 90-க்கு மேல் மிக நம்பகம், 70 - 90 நம்பலாம், 50-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் உருவமற்றுத் தொங்கும் பகுதி. முனைகளில் தொங்கும் வாலை வெட்டுங்கள். ஆனால் ஒரே இடத்தில் வெட்டி ஒரே கன்ஸ்ட்ரக்ட் செய்யாதீர்கள். பிளேட் இருப்பதே பலவற்றைப் பார்க்கத்தான். முன்முனைக்கு நான்கு, பின்முனைக்கு மூன்று என்று எடுத்தால் 12 வடிவம், பாதி பிளேட். உதாரணமாக 1 முதல் 28 வரை பிஎல்டிடிடி 35-இல் கிடந்து, 33-இல் முதல் ஹெலிக்ஸ் தொடங்கினால், 1, 22, 27, 31 ஆகிய இடங்களிலிருந்து தொடங்குங்கள். ஹெலிக்ஸின் வாயிலேயே கத்தி வைத்தால் அது பிரிந்துபோகும். இரண்டு மூன்று டொமைன் (தனியாக மடியும் பகுதி) இருந்தால் மாடலோடு வரும் பிஏஇ என்ற பிழை வரைபடத்தில் தனித்தனிச் சதுரங்களாகத் தெரியும். எல்லைக்கோட்டை அங்கிருந்து எடுங்கள்.

பிஎல்டிடிடி எல்லா இடத்திலும் 92, ஆனாலும் இன்குளூஷன் பாடி. இதில் முரணே இல்லை. மடிந்து முடிந்த உருவம் எப்படி இருக்கும் என்பதைத்தான் ஆல்ஃபாஃபோல்ட் சொல்கிறது. ஈ. கோலைக்குள், அந்த வேகத்தில், அந்த நெரிசலில் அது மடியுமா என்று அதை யாரும் கேட்கவில்லை. மாடலில் சிஸ்டீன் ஜோடிகள் கந்தகத்தைக் கோத்துக்கொண்டு நின்றால் சாதாரண பிஎல்21 வகை ஈ. கோலையின் சைட்டோபிளாசத்தில் அந்தப் பிணைப்பு உருவாகாது. அந்தப் பிணைப்புக்கு இடம் தரும் ஷஃபிள் செல்லில் 30 டிகிரியில் வளருங்கள். வெளிப்பரப்பில் எண்ணெய்ப்பசை கொண்ட பெரிய திட்டு தெரிந்தால் அங்கே ஒரு கூட்டாளிப் புரதம் உட்கார வேண்டியிருக்கலாம். அதைச் சேர்த்து வெளிப்படுத்துங்கள். துத்தநாகம் பிடிக்கும் நான்கு சிஸ்டீன்கள் அருகருகே இருந்தால் மீடியத்தில் 50 - 100 மைக்ரோமோலார் துத்தநாகம்.

கரைதிறன் கணிப்பு மென்பொருள்கள் 0 முதல் 1 வரை ஓர் எண் தரும். 0.5-க்கு மேல் என்றால் எடு, கீழே என்றால் விடு என்று கோடு போடாதீர்கள். அவை பயின்ற தரவில் "தோல்வி" என்று குறித்தவற்றில் பலவற்றுக்கு உண்மையான காரணம் யாருக்கும் தெரியாது. வேலை பாதியில் நின்றதும் அதில் கலந்திருக்கும். அந்த எண்ணை உங்கள் 12 வடிவங்களுக்குள் வரிசைப்படுத்த மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்பிபி என்ற நன்கு கரையும் புரதத்தை ஒட்டினால் கரைகிறது என்பது நல்ல செய்திதான், ஆனால் பாதிச் செய்தி. எம்பிபி தான் கரைந்து, முதுகில் மடியாத புரதத்தைச் சுமந்துகொண்டும் நிற்கும். இரண்டையும் பிரிக்கும் டிஇவி புரோட்டியேஸ் போட்டு வெட்டி, இரவு முழுக்க வைத்து, காலையில் சுழற்றுங்கள். வெட்டிய பிறகு உங்கள் புரதம் அடியில் இறங்கினால் அது ஒருபோதும் மடியவே இல்லை.

எல்லா வடிவமும் தோற்று, வரிசையையே மாற்றலாம் என்றால் புரோட்டீன்எம்பிஎன்என். 2024-இல் மயோகுளோபினிலும் டிஇவி புரோட்டியேஸிலும் இதைச் செய்து, வெளிப்பாடும் உறுதியும் கூடியதைக் காட்டியிருக்கிறார்கள். இதில் நடக்கும் பெருந்தவறு எல்லா இடத்தையும் மாற்ற விடுவது. மென்பொருளுக்கு உங்கள் என்சைமின் வேலை தெரியாது, புரதச் சங்கிலியின் முதுகெலும்பு வடிவம்தான் தெரியும். வினை நடக்கும் இடத்தையும், லிகண்டிலிருந்து (அதில் வந்து ஒட்டும் மூலக்கூறிலிருந்து) 7 ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்குள் இருப்பவற்றையும், உறவுப் புரதங்களில் மாறாமல் வருபவற்றையும் பூட்டிவிட்டு மீதியை மட்டும் திறந்துவிடுங்கள். வரும் வரிசைகளை மறுபடி ஆல்ஃபாஃபோல்டில் மடித்து, மூல வடிவத்தோடு ஒத்துப்போகும் எட்டு பத்தை மட்டும் ஆர்டர் செய்யுங்கள். கரைந்து வந்ததும் செயல்பாட்டை அளங்கள். அழகாகக் கரைந்து ஒரு வேலையும் செய்யாத புரதம் கிடைப்பது அரிதல்ல.

அறிகுறி: கரைந்திருக்கிறது, நிக்கல் பீட்ஸில் ஒட்டவில்லை

பஃபரின் பிஎச் மலையில் ஏமாற்றும். டிரிஸ் பஃபர் ஒரு டிகிரி குளிர்ந்தால் பிஎச் 0.028 ஏறும். 25 டிகிரியில் 8.0 வைத்தது 14-இல் 8.3, ஃபிரிட்ஜில் 8.6. பயன்படுத்தும் வெப்பநிலையிலேயே பிஎச் வையுங்கள், அல்லது இந்த ஏற்றத்தில் பாதிதான் காட்டும் ஹெப்பெஸ் பஃபருக்கு மாறுங்கள். ஈடிடிஏ கலந்த புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரையைப் போட்டிருந்தால் நிக்கலை அதுவே பிடுங்கியிருக்கும். பீட்ஸ் நீலம் வெளுத்திருக்கிறதா பாருங்கள். 96 குழியில் சிறிய அளவில் செய்யும்போது பைண்டிங் பஃபரில், நிக்கலுக்கு டேக்கோடு போட்டி போடும் இமிடசோல் 10 மில்லிமோலார் போதும், 40 வேண்டாம்.

இவை சரியென்றால் டேக் உள்ளே புதைந்திருக்கும். 6 மோலார் யூரியாவில் ஒருமுறை ஒட்டிப் பாருங்கள். அப்போது ஒட்டினால் டேக்கை மறுமுனைக்கு மாற்றுங்கள், அல்லது கிளைசின்-செரின் பத்து அமினோ அமிலத்தை இடையில் கொடுங்கள்.

அறிகுறி: ஜெல் பட்டைகள் இழுபடுகின்றன, சாம்பிளில் வெள்ளைத் துகள்

சாம்பிள் பஃபரில் உள்ள எஸ்டிஎஸ் என்ற சோப்பு குளிரில் படிகமாகிவிட்டது. 20 டிகிரிக்குக் கீழே ஸ்டாக் பாட்டிலில் பஞ்சு போல் படியும். 37 டிகிரியில் வைத்து முழுக்கத் தெளிந்த பிறகே எடுங்கள். மேலாக இருக்கும் திரவத்தை ஊற்றினால் அதில் எஸ்டிஎஸ் குறைவு. கொதிநீரில் சாம்பிளை வைப்பவர்கள் 95 டிகிரி கிடைக்கிறது என்று எண்ண வேண்டாம், கிடைக்காது. டிரை பிளாக்கில் 95-இல் 5 நிமிடம், கொதிநீர்தான் என்றால் 10 நிமிடம். அக்ரிலமைடு 14 டிகிரியில் ஜெல்லாக உறைய ஒரு மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். அவசரத்துக்கு உறைவைத் தூண்டும் டெமெட்டை அள்ளி ஊற்றாமல், அச்சை 25 டிகிரி இன்குபேட்டரில் வையுங்கள்.

அறிகுறி: பிளேட்டில் வந்தது, ஒரு லிட்டரில் வரவில்லை

பெரும்பாலும் மறுபடி காற்றுதான். 2 லிட்டர் பேஃபிள் ஃபிளாஸ்க்கில் (திரவம் மோதிக் கலங்க உள்மடிப்பு உள்ள ஃபிளாஸ்க்கில்) 250 - 300 மிலிக்கு மேல் ஊற்றாதீர்கள். ஒரு லிட்டர் வேண்டுமென்றால் நான்கு ஃபிளாஸ்க். பிளேட்டில் எந்த ஓ.டி.யில், எந்த வெப்பநிலையில் வந்ததோ அதையே பிடியுங்கள். ஒரு லிட்டர் மீடியம் 37-இலிருந்து 18-க்கு இறங்க நேரம் எடுக்கும். தண்ணீர்த் தொட்டியில் குளிர்வித்த பிறகு ஐபிடிஜி போடுங்கள்.

அறிகுறி: கணிப்பு பாதி நேரம் தப்பாகவே இருக்கிறது

உங்கள் பதிவேட்டைத் திறங்கள். குழி ஒன்றுக்கு ஒரு வரி: முழு அமினோ அமில வரிசை, டிஎன்ஏ வரிசை, வெக்டர், செல், மீடியம், குழிக்குள் அளந்த வெப்பநிலை, அறுவடை ஓ.டி., முழு லைசேட்டுக்கு 0 - 3, தெளிந்த பகுதிக்கு 0 - 3, அன்றைய ஜிஎஃப்பி குழியின் மதிப்பு, கரண்ட் போன நேரம். "வரவில்லை" என்பதும் "சோதிக்கப்படவில்லை" என்பதும் ஒரே வெற்றுக் கட்டமாக இருக்கக் கூடாது. இரண்டுக்கும் தனிக் குறி வேண்டும். ஜிஎஃப்பி தோற்ற நாளின் எல்லா வரிகளையும் அழிக்காமல், கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வையுங்கள்.

இப்படி நாலைந்து பிளேட் சேர்ந்தால் ஈஎஸ்எம்-2 (புரத வரிசைகளைப் பயின்ற மொழி மாடல்) தரும் எண்களின் மேல் எளிமையான ரிட்ஜ் (நேரியல் கணிப்பு) மாடல் ஒன்றை நீங்களே பயிற்றுவிக்கலாம். சோதனைக்கு என்று பிரிக்கும்போது வரிகளைக் குலுக்கிப் பிரிக்காதீர்கள். ஒரே புரதத்தின் 12 வெட்டுகளில் 9 பயிற்சிக்கும் 3 சோதனைக்கும் போனால் மாடல் விடையைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுகிறது. ஒரு புரதக் குடும்பத்தை முழுசாக வெளியே வைத்துச் சோதியுங்கள். எண் சட்டென்று இறங்கும். அடுத்த ஆர்டருக்கு நம்ப வேண்டியது அந்த எண்ணைத்தான்.